வழியில் தவறியவர்கள்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

‘தவறிப்போனான்’ என்ற சொல்லுக்கு நம் பேச்சு வழக்கில் இரண்டு பொருள் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டு விலகிக் காணாமற் போன குழந்தையையும் அப்படிச் சொல்வோம். இறந்தவரையும் அப்படிச் சொல்வோம். எங்கள் குடும்பத்தில் ஒரு சிறுவனைப் பற்றி எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒரே சொல்லைத்தான் சொல்லி வருகிறார்கள். 1942-ஆம் ஆண்டு பர்மாவிலிருந்து நடந்து வரும்போது ‘வழியில் தவறிப்போனான்’ என்பார்கள். அவன் என் அப்பத்தாவின் தம்பி. அப்போது அவனுக்கு மூன்று வயது, அப்பத்தாவுக்கு ஆறு. அந்தச் சொல்லுக்கு இரண்டில் எது பொருள் என்று கேட்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

நம் கல்லூரி மாணவர் பலருக்கும் பர்மா என்றால் சென்னையில் உள்ள பர்மா பஜாரும், ஊருக்கு ஊர் இருக்கும் பர்மா காலனியும் நினைவுக்கு வரலாம். அவை 1964-க்குப் பின் வந்தவர்களின் அடையாளங்கள். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னதாக நிகழ்ந்த பெரிய வெளியேற்றம் நம் பாடநூல்களில் ஒரு வரிகூடப் பெறவில்லை. அதன் பரப்பை முதலில் பார்த்துவிடுவோம்.

1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். ரங்கூன் நகரில் பாதிப்பேருக்கு மேல் இந்தியர்களே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், அரிசி ஆலைகளில் உழைத்தோர், கை ரிக்ஷா இழுத்தோர், துப்புரவுப் பணி செய்தோர், கணக்கெழுதியோர், மருத்துவர், வழக்கறிஞர் என்று தெலுங்கரும் தமிழரும் வங்காளியரும் ஒரிய நாட்டாரும் அங்கே நிறைந்திருந்தனர். நம் பக்கத்திலிருந்து சென்ற நகரத்தார் லேவாதேவிக் கடைகள் நடத்தினர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்து, கடனைக் கட்ட இயலாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கடைக்காரர் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களுக்கு உரியதாகிவிட்டது. 1930-லும் 1938-லும் இந்தியர்க்கு எதிரான கலவரங்கள் மூண்டதற்கு இதுவும் ஒரு காரணம். நம்மவர் பட்ட துன்பத்தைப் பேசும்போது இதை மறைத்துப் பேசுவது வரலாறு ஆகாது. நடந்து வந்தவர்களிற் பெரும்பாலோர் ஒரு குழி நிலத்துக்கும் உரிமை இல்லாத கூலிகள் என்பதையும் அத்துடன் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1941 டிசம்பர் 23-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது முதல் முறையாகக் குண்டு வீசின. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடிய மக்கள் அங்கேயே மடிந்தனர். கிறிஸ்துமஸ் நாளன்று மறுபடியும் வந்தன. துறைமுகத் தொழிலாளர் பல்லாயிரவர் ஊரைவிட்டுப் புரோம் நகரை நோக்கி நடக்கத் தொடங்கினர். சாமான்களை இறக்க ஆளில்லாமற் போய்விடும் என்பதால் அவர்களைத் திரும்ப அழைத்துவர அதிகாரிகள் பாடுபட்டனர். போர்க்காலத்தில் துறைமுகம் இயங்க வேண்டியது அவசியந்தான். ஆனால் பின்னால் கப்பலில் இடம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்க்கும்போது மனம் கசக்கிறது. கடல் வழியாகத் தப்பியோர் சுமார் 70,000 பேர் என்பது ஒரு கணக்கு. மேல்தட்டில் படுத்து வரும் ஏழைப் பயணிக்கு ஒரு கட்டத்துக்குப் பின் சீட்டே இல்லை. 1942 மார்ச் 8-ஆம் நாள் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அதன் பிறகு கடல் வழி என்ற பேச்சே எழவில்லை. மிஞ்சியது கால்நடைதான்.

அவ்வாறு நடந்தவர்கள் நான்கு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை. மேற்கே, புரோமுக்கு எதிர்க்கரையிலிருந்து அரக்கான் மலைத் தொடரைத் தவுங்கப் கணவாய் வழியே கடந்து, கடற்கரையை அடைந்து, அங்கிருந்து அக்யாப், சிட்டகாங் என்று போவது ஒரு வழி. நூறு மைலுக்கு மேற்பட்ட அந்தக் காட்டு வழியில் தண்ணீர் கிடையாது. காலரா மட்டும் தாராளமாகக் கிடைத்தது. வடமேற்கே சிந்துவின் ஆற்றைக் கடந்து, தம்மு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்து, இம்பால் சென்று, டிமாப்பூரில் ரயில் ஏறுவது இன்னொன்று. மிகப் பலர் வந்தது இதுவே. கடைசியாக, வடக்கே மிச்சினாவுக்கும் அப்பால் ஹுகாங் பள்ளத்தாக்கின் வழியே லெடோவுக்குச் செல்லும் பாதை. மே மாதம் 8-ஆம் நாள் மிச்சினாவும் விழுந்தபின் வேறு போக்கிடம் இல்லாதோர் பருவமழை கொட்டுகிற காட்டில் அந்த வழியே நடந்தனர். சேற்றிலும் பசியிலும் மலேரியாவிலும் இறந்தவர்களின் எலும்புகளை, ஓரிரு ஆண்டுகள் கழித்து அங்கே லெடோ சாலை போட வந்தவர்கள் கண்டார்கள்.

எங்கள் குடும்பம் வந்தது தம்மு வழியாக. அப்பத்தாவின் தகப்பனார் பெகு நகரில் ஒரு லேவாதேவிக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கடைக்குச் சாவி போட்டு, கடன் பத்திரங்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டுதான் புறப்பட்டாராம். முதலாளியின் பத்திரங்கள்! அந்தப் பெட்டி எங்கே விடப்பட்டது என்று அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. ஆனால் தூக்குவாளி ஒன்று ஊர் வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் அது இன்னும் இருக்கிறது, அடி நசுங்கியது.

இப்போது அப்பத்தாவுக்கு எண்பத்தொன்பது வயது நடக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் மாலைதோறும் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னவற்றை எழுதிக்கொண்டேன். எழுதியதை நூலகத்தில் கிடைத்த செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. கால அளவைப் பொறுத்தவரை முதியவர்களின் நினைவை நம்ப முடியாது. “ஆறு மாசம் நடந்தோம்” என்கிறார் அப்பத்தா. அவர் சொல்லும் மற்றச் செய்திகளிலிருந்து கணக்கிட்டால், மாந்தளையில் முகாமில் கிடந்த நாட்களையும் சேர்த்துப் புறப்பட்டு ஊர் வந்து சேர மூன்று மாதம் ஆகியிருக்கலாம். நடந்தது அதில் சில வாரங்களே. ஊர்ப் பெயர்களின் வரிசையும் மாறிப்போகிறது. ஆனால் ஒரு பொருளைப் பற்றியோ, ஒரு நாற்றத்தைப் பற்றியோ, ஒரு மனிதர் சொன்ன சொல்லைப் பற்றியோ அவர் சொல்வதெல்லாம் ஏடுகளில் இருப்பதோடு அப்படியே பொருந்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ‘பனி விழுகிற ஊரில் செத்த மாட்டு வாடை’ என்று இரண்டு மூன்று முறை சொன்னார். எனக்குப் புரியவில்லை. சிந்துவின் ஆற்றுக்கும் தம்முவுக்கும் நடுவே உள்ளது கபாவ் பள்ளத்தாக்கு. மலேரியாவுக்குப் பேர்போன இடம். பின்வாங்கிய படைகளும் அகதிகளின் வண்டிகளும் அந்தத் தடத்தில்தான் வந்தன. இழுத்த மாடுகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. காலையில் மூடுபனி கவிந்திருக்கும் அந்தப் பள்ளத்தாக்கைத்தான் ஆறு வயதுப் பெண் ‘பனி விழுகிற ஊர்’ என்று நினைத்திருக்கிறாள்.

இன்னொன்று. “வெள்ளைக்காரனுக்கு ஒரு ரோடு, நமக்கு ஒரு ரோடு” என்று அப்பத்தா சொன்னபோது, அது பிற்காலத்தில் யாரோ மேடையில் பேசக் கேட்டது என்றே எண்ணினேன். அப்படியன்று. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் வண்டி வசதியும் நல்ல முகாம்களும் உள்ள பாதை, இந்தியருக்கு வேறு பாதை என்ற குற்றச்சாட்டு அந்த ஆண்டே நாடு முழுவதும் எழுந்தது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் கடல்கடந்த இந்தியர் விவகாரத்தைக் கவனித்த எம். எஸ். ஆணே நேரில் சென்று பார்த்துவந்தார். 1942 ஏப்ரல் இறுதியில் அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி இந்தப் பாகுபாட்டைக் கண்டித்தது. காந்தியடிகள் ‘ஹரிஜன்’ இதழில் இதைக் குறிப்பிட்டு எழுதினார். அதே ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் வந்தது. அந்தத் தீர்மானத்துக்குப் பின்னாலிருந்த கோபத்தில் ஒரு பங்கு இந்தக் காட்டுப் பாதையில் விளைந்தது என்றால் மிகையாகாது. நாம் தேர்வுக்குப் படிக்கும் 1942 வேறு, அப்பத்தாவின் 1942 வேறு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

உதவியவர்களையும் சொல்லாமல் விடக்கூடாது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டச் சங்கம் தன் தோட்டங்களின் தொழிலாளரைப் பல்லாயிரக் கணக்கில் அனுப்பி வழிநெடுக முகாம் அமைத்தது. சோறும் தேநீரும் கொடுத்தது. அந்தத் தொழிலாளரிலும் பலர் காய்ச்சலில் மாண்டனர். வடக்கே சௌகான் கணவாய்ப் பக்கம் கைல்ஸ் மக்ரெல் என்ற ஆங்கிலேயர் 1942 ஜூன் மாதத்தில், வெள்ளம் புரளும் தபா ஆற்றின் நடுவே சிக்கிக்கொண்ட சிப்பாய்களையும் பிறரையும் யானைகளைக் கொண்டு மீட்டார். அவர் கையோடு எடுத்த சலனப்படம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மலைவாழ் நாகர்கள் பலரைத் தங்கள் குடில்களில் வைத்துக் காத்தனர். வழிப்பறி செய்த பர்மியரைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அப்பத்தாவோ மொனிவாவுக்கு அருகில் ஒரு பர்மியக் கிழவி தன் கையில் பனைவெல்லக் கட்டி ஒன்றை வைத்து விரல்களை மடித்துவிட்டுப் போனதைச் சொல்கிறார். மடித்துக் காட்டவும் செய்கிறார்.

சிப்பாய்களின் நினைவு வேறு மாதிரியானது. பர்மாவிலிருந்து 1942-இல் பிரிட்டிஷ் இந்தியப் படை பின்வாங்கியது, பிரிட்டிஷ் படை வரலாற்றிலேயே மிக நீண்ட பின்வாங்கல் என்பார்கள். பிப்ரவரி 23-ஆம் நாள் விடியற்காலையில் சித்தாங் ஆற்றுப் பாலத்தைத் தம் படையில் பெரும்பகுதி இன்னும் மறுகரையில் இருக்கும்போதே தகர்த்தனர். சிப்பாய்கள் ஆயுதங்களைப் போட்டுவிட்டு நீந்தினர். நீந்தத் தெரியாதோர் பலர் ஆற்றோடு போயினர். மே மாதம் சிந்துவின் ஆற்றங்கரையில் ஷ்வேஜின் என்ற இடத்தில் டாங்குகளையும் லாரிகளையும் அழித்துவிட்டு அக்கரை ஏறினர். இவற்றையெல்லாம் தளபதி வில்லியம் சிலிம் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வழியில் கண்ட அகதிகளின் அவலத்தையும் எழுதியிருக்கிறார். தளபதிகள் நூல் எழுதுவார்கள். லாரி ஓட்டிய சிப்பாய் எழுத மாட்டார்.

அத்தகைய ஒருவரின் மகனை, அவரும் ஓய்வுபெற்ற முதியவர், பக்கத்துக் கிராமத்தில் பார்த்தேன். தகப்பனார் போரைப் பற்றி நிறையப் பேசுவாராம். ஆனால் பின்வாங்கியதைப் பற்றி மட்டும் கேட்டால் எழுந்து போய்விடுவாராம். ஒரே ஒரு முறை, பேரன் காய்ச்சலில் கிடந்தபோது, தாமாகவே சொன்னாராம்: “ரோடு முழுக்க நம்ம சனம். கையில பிள்ளையத் தூக்கிக் காட்டினாங்க. நிறுத்தினா ஒருத்தரா ஏறுவாங்க? நான் நிறுத்தல.” அவ்வளவுதான். மகன் இதைச் சொல்லிவிட்டு, “எழுதிக்கிடுங்க, தம்பி, ஆனா பேரு போடாதீங்க” என்றார். பேர் போடவில்லை.

இவ்விரு நினைவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றியது இது. கையில் பிள்ளையைத் தூக்கிக் காட்டியவர்களில் என் கொள்ளுப்பாட்டனும் ஒருவராக இருந்திருக்கலாம். அந்த லாரிக்காரர் மீது எனக்குச் சினம் எழவில்லை. நிறுத்தாததை ஒரு வாழ்நாள் முழுதும் மறக்க இயலாதவரிடம் சினந்து என்ன பயன்?

போர் முடியும் தறுவாயில் இன்னொரு பின்வாங்கலும் நடந்தது. அது எதிர்த் திசையில். பர்மாவிலேயே தங்கிவிட்டவர்களும் மலேயாவிலிருந்து வந்தவர்களும் இந்தியத் தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். 1945 ஏப்ரல் இறுதியில் நேதாஜி ரங்கூனைவிட்டு வெளியேறியபோது ஜான்சி ராணிப் படைப் பெண்களும் உடன் சென்றனர். அவர்களிற் பலர் மலேயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். பகலில் மரங்களடியில் ஒளிந்தும் இரவில் நடந்தும் சித்தாங் ஆற்றைக் கடந்தனர். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

இனி, இறந்தோர் எத்தனை பேர்? வரலாற்று மாணவன் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். விடை கிடைக்காத கேள்வியும் இதுதான். பத்தாயிரம் என்பாரும் உண்டு. ஐம்பதாயிரம் என்பாரும் உண்டு. அதற்கு மேலும் சொல்வார் உண்டு. இந்த வெளியேற்றத்தை 1975-இல் ஆராய்ந்து எழுதிய ஹியூ டிங்கர் என்ற வரலாற்றாசிரியர் பத்தாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடையில் என்று நிறுத்திக்கொண்டார். ஏன் இவ்வளவு வேறுபாடு? காரணம் எளியது. இம்பாலிலும் டிமாப்பூரிலும் சிட்டகாங்கிலும் வந்து சேர்ந்தோரை எண்ணினார்கள். புறப்பட்டோரை எண்ண ஆளில்லை. 1941-இல் பர்மாவில் எடுத்த குடிக்கணக்கின் ஏடுகளும் போரில் பெரும்பாலும் அழிந்துபோயின. கழிப்பதற்கு முதல் எண் தெரிந்தால்தானே மீதி தெரியும்? அன்றியும், முகாமுக்கு வந்து எண்ணப்பட்டபின் அங்கேயே காலராவில் மாண்டவர், ரயிலில் மாண்டவர், ஊருக்கு வந்து பத்தாம் நாள் மாண்டவர் எந்தக் கணக்கிலும் சேரார்.

போரில் இறந்த சிப்பாய்களின் நிலை இதற்கு மாறானது. ரங்கூனுக்கு அருகே தௌக்கியான் என்ற இடத்தில் 6,000-க்கு மேற்பட்ட கல்லறைகளும், கல்லறை இல்லாதோர் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைப் பொறித்த தூண்களும் உள்ளன. கோஹிமாவில் 1,400-க்கு மேற்பட்ட கல்லறைகள்; தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 917 பேருக்குத் தனி நினைவுச் சின்னம். அவர்களுக்கு அது வேண்டியதுதான். நடந்து வந்து மாண்ட கூலிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் அத்தகைய தூண் எதுவும் எழவில்லை. அவர்களுடைய பெயர்ப் பட்டியல் வீடுகளில்தான் இருக்கிறது. அதிலும் பாட்டி இருக்கும் வீட்டில்தான் இருக்கிறது.

எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர். தமிழில் வெ. சாமிநாத சர்மாவை நன்றியுடன் நினைக்க வேண்டும். ரங்கூனில் ‘ஜோதி’ என்ற மாத இதழை நடத்திக்கொண்டிருந்தவர், மனைவியுடன் நடந்தே தாயகம் திரும்பி, அந்த அனுபவத்தைப் ‘பர்மா வழிநடைப் பயணம்’ என நூலாக எழுதினார். கல்வி கேள்வியிற் சிறந்த ஒருவர், தம் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் விட்டு வந்த துயரத்தைச் சொல்லும் நூல் அது. இந்தித் திரைப்பட நடிகை ஹெலன் சிறுமியாயிருந்தபோது தாயுடன் பர்மாவிலிருந்து நடந்து அஸ்ஸாமில் திப்ருகர் வந்து சேர்ந்ததைப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். வழியில் தாயின் கரு கலைந்தது. கல்கத்தாவில் தம்பி இறந்தான். இவ்விருவரும் பெயர் பெற்றவர்கள். ஆகையால் அவர்கள் கதை அச்சேறியது.

ஊர் திரும்பியவர்களைத் தாயகம் எப்படி வரவேற்றது? அப்பத்தா சென்னைக்கு வந்து இறங்கியபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்ததாம். முதலில் இதையும் நான் நம்பவில்லை. ஆனால் உண்மை. 1942 ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பு மீதும், அடுத்த நாளே விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்று பயந்து நகர மக்கள் வண்டி வண்டியாக வெளியேறினர். அரசாங்க அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. ஒரு நாட்டைவிட்டு ஓடிவந்தவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நகரில் வந்து இறங்கியிருக்கிறார்கள். “இங்கேயும் குண்டு போடுறானா?” என்று தன் தாயைக் கேட்டதாக அப்பத்தா சொல்லிச் சிரித்தார். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

தம்பியைப் பற்றிக் கடைசி நாள் வரை நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. கேட்டபோது அவர் தயங்காமல் சொன்னார். கலேவாவைத் தாண்டிச் சில நாட்கள் நடந்தபின் பையனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தாய்க்கும் அதே நோய். இரவு ஒரு மரத்தடியில் கூட்டமாகத் தங்கினர். முன்னால் போன கூட்டத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, தகப்பனார் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்தார். விடிந்தபின் தனியாகத் திரும்பி வந்தார். தூக்குவாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. “தவறிட்டான்” என்றார். மனைவியைத் தூக்கி நிறுத்தினார். எல்லோரும் நடந்தனர்.

அதற்குப் பிறகு தகப்பனார் பதினாறு ஆண்டுகள் உயிரோடிருந்தார். வேறொரு சொல் சொல்லவில்லை. டாக்டரைக் கண்டாரா? புதைத்தாரா? யாரிடமாவது ஒப்படைத்தாரா? உயிர் இருக்கும்போதே…? தாயும் கேட்கவில்லை. ‘தவறிட்டான்’ என்ற சொல்லின் முதற்பொருளையே தாய் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். கூட்டத்தில் தவறிய பிள்ளையை யாராவது எடுத்து வளர்த்திருக்க மாட்டார்களா என்பது அவர் எண்ணம். பர்மியர் சிலர் அவ்வாறு குழந்தைகளை எடுத்து வளர்த்தனர் என்ற பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

1964-இல் நெ வின் அரசு கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமை ஆக்கியபோது இந்தியர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்து இறங்கினர். என் கொள்ளுப்பாட்டி ஊரிலிருந்து ரயிலேறிச் சென்னை சென்று, அகதிகள் தங்கியிருந்த முகாம்களில் வரிசையாக விசாரித்தார். இருபத்தைந்து வயதுப் பையன், வலப்புருவத்தில் தழும்பு, பர்மிய வீட்டில் வளர்ந்திருக்கலாம், தமிழ் தெரியாமலும் இருக்கலாம். நான்கு முறை போய்வந்தாராம். நான்காம் முறை அப்பத்தாவும் உடன் போயிருக்கிறார். தாயை ஒரு முகாமின் வாசலில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் யாரையும் கேட்காமலேயே சிறிது நேரம் நின்றுவிட்டு வந்து, “இல்லையாம், ஆத்தா” என்று சொன்னாராம்.

அப்படி வந்தவர்களிற் சிலர் தமிழ்நாட்டில் பிழைக்க வழியின்றிப் பர்மாவுக்கே திரும்பிவிட எண்ணி, 1942-இல் வந்த அதே தம்மு வழியாக நடந்து போயினர். எல்லையில் அவர்களைத் தடுத்துவிட்டார்கள். முன்னும் போக முடியாமல் பின்னும் வர மனமில்லாமல் மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயிலேயே குடியேறினர். அங்கே தமிழர்கள் எழுப்பிய அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது. மோரேயிலிருந்து தம்மு கூப்பிடு தூரம். அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அங்கே நம்ம சனம் கோயில் கட்டியிருக்கா?” என்று கேட்டார். என்ன சாமி என்று கேட்டார். சொன்னேன்.

கடைசியில் நான் கேட்டேவிட்டேன்: “அப்பத்தா, ‘தவறிட்டான்’னா உங்க அய்யா எதைச் சொன்னாரு?”

“அய்யா ஒண்ணு சொன்னாரு. ஆத்தா ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் சாகிற வரைக்கும் ஒரே வீட்டுல இருக்கணுமில்ல?” என்றார் அப்பத்தா. பிறகு, தூக்குவாளியை எடுத்து வரச் சொன்னார். பார்ப்பதற்கு என்று நினைத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது.